பதிலுக்கு ஒரு இழுப்பு

“…அதனால செத்தவனோட சேத்து என்னையும் குழிக்குள்ள தள்ளிராத ஏளா. நான் கயித்த விடல. கடைசி வரைக்கும் என் இடுப்புலயும் கையிலயும்தான் இருந்துச்சு. வேணும்னா அந்த கைடுக்கே போன் போட்டுக் கேளு.”

என் தையல் மிஷினுக்கு எதிரே, அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்துகொண்டு என் அண்ணன் இதைச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நேராக வந்திருந்தான். நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

அவன் சொன்னதில் பொய் கிடையாது. கயிற்றை அவன் விடவில்லை. ஒரு வருசமாக ஊர் முழுக்க அதைத்தான் பேசியது. நானும் பேசினேன். என் புருசன் பனிமலையில் இறந்துபோனபோது, “உன் அண்ணன் கடைசி வரைக்கும் கயித்த விடலையாமே” என்று யார் வந்து சொன்னாலும் நெஞ்சில் ஒரு சின்ன ஆறுதல் இறங்கும். அந்த ஆறுதலும் இப்போது போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று சொல்வதற்கு முன்னால், எங்கள் பக்கத்தில் கயிறு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். முத்து எடுத்ததெல்லாம் பழைய கதை, எங்களுக்குச் சோறு போட்டது சங்குதான். வள்ளத்திலிருந்து கடலுக்குள் இறங்கும்போது குளிக்கிறவர் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனையை வள்ளத்தில் உட்கார்ந்து பிடிப்பது அவர் பெண்டாட்டியோடு பிறந்தவன். மச்சான்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி இருந்தாலும் அவர்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். காரணத்தை எங்கள் ஆட்கள் சுற்றி வளைக்காமல் சொல்வார்கள். கூடப் பிறந்தவனுக்குப் பங்குச் சண்டை வரலாம், கூட்டாளிக்குக் கூலிச் சண்டை வரலாம். தன் தங்கச்சி தாலியறுக்கட்டும் என்று எவனும் நினைக்க மாட்டான்.

என்னைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு என் மாமியார் என்னைச் சரியாக ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் அண்ணனைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னாள். உள்ளங்கையைத் திருப்பித் தடவிப் பார்த்து, “பிடிப்பு இருக்கு” என்றாள். பேச்சு முடிந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் அண்ணன் கையைப் பார்த்துச் சம்மதம் சொன்ன கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மில்லர்புரத்தில் என்னிடம் துணி தைக்கிறவர்களில் அந்தக் கதையைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது.

தண்ணீருக்குள் வாய் கிடையாது. கயிறுதான் வாய். கீழே இருப்பவர் ஒரு தடவை இழுத்தால், இன்னும் கொஞ்சம் கயிறு விடு. வெடுக் வெடுக்கென்று ரெண்டு தடவை இழுத்தால், என்னால் ஆகாது, எடுத்துக்கோ. மேலே இருப்பவன் அந்த நிமிசமே பதிலுக்கு ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். கேட்டுச்சு, பாத்துக்கிடுதேன் என்று அர்த்தம். பதில் வந்துவிட்டால் கீழே இருப்பவர் பதற மாட்டார். கையைக் காலை அடித்தால் இருக்கிற மூச்சும் தீர்ந்துபோகும் என்று அவருக்குத் தெரியும். உடம்பைத் தளரவிட்டுச் சும்மா கிடப்பார். மீதியை மச்சான் பார்த்துக்கொள்வான். பிற்பாடு கம்ப்ரசர் வந்து ஹோஸ் வழியாகக் காற்று போக ஆரம்பித்தது. அப்போதும் கயிறு மாறவில்லை, இழுப்பும் மாறவில்லை. “கம்ப்ரசர் நின்னுரும், மச்சான் நிக்க மாட்டான்” என்பார் என் வீட்டுக்காரர். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என் அண்ணனை வைத்துக்கொண்டே சொல்வார். அண்ணன் தலையைக் குனிந்து மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருப்பான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அதற்கப்புறம் படித்ததெல்லாம் எதிரே உட்கார்ந்தவர்கள் வாயிலிருந்துதான். வெட்டுத் துணியைப் பையில் சேர்த்து வைக்கிற மாதிரி, யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்று சேர்த்து வைப்பேன். அப்படி என் அண்ணன் சொன்ன ஒரு சொல்லும் என் பையில் கிடந்தது. ஒருநாள் கடலிலிருந்து வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், “குளிக்கவனுக்குப் பேரு, பிடிக்கவனுக்கு முதுகுவலி” என்றான். நானும் என் வீட்டுக்காரரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். அதனால் அது வேடிக்கைச் சொல் என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டேன். திருப்பிப் பார்த்தால் வேறு நிறம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

அனல் மின் நிலையத்தில் ஒரு காண்டிராக்ட் வேலை கிடைத்ததும் அண்ணன் கடலை விட்டான். என் வீட்டுக்காரரும் காதில் சீழ் வைத்து, சங்குக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகம் சுரண்டும் வேலைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே கயிறு பிடிக்கக் கம்பெனி ஆள் உண்டு. என் அண்ணனுக்குக் காலை நேரம் முதன்முறையாகச் சும்மா கிடைத்தது. கடற்கரை ரோட்டில் நடக்கிற கூட்டத்தோடு சேர்ந்தான். நடை ஓட்டமாயிற்று. ஓட்டம் மேற்கே மலைக்குப் போயிற்று. பிறகு லீவு போட்டு வடக்கே போய், பனியில் ஏறுவதற்குப் பயிற்சி எடுத்துவிட்டு உதடெல்லாம் உரிந்து வந்தான். எங்கள் ஊரில் உயரம் என்றால் உப்பளத்து உப்புக் குவியல். பனி என்றால் அது எங்கள் கோயில் மாதாவின் பேரில் மட்டும்தான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருத்தன் பனியில் நின்று எடுத்த போட்டோவைக் கொண்டுவந்தால் சும்மா விடுவார்களா? டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். என் அண்ணன் நடக்கும்போது தோள் கொஞ்சம் அகன்றது. பார்க்க எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒருநாள் என் வீட்டில் உட்கார்ந்து என் புருசனிடம் சொன்னான்.

“மாப்ள, ஆயுசு பூரா நீ கீழ போன, நான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு தடவை மேல போவோம். ரெண்டு பேரும்.”

“மேல என்ன மச்சான் கிடக்கு? சங்கா கிடக்கு?”

“ஒண்ணும் கிடக்காது. அதுக்குத்தான் போறது.”

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. ரெண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மூன்றாம் நாள் சரி என்றுவிட்டார். தெருவில் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் படித்தார்கள். மீன்காரி கூடையை இறக்கும்போதே, “மூச்சடக்கத் தெரிஞ்ச ஆளு, மலை என்ன செஞ்சிரும்?” என்றாள். பக்கத்து வீட்டு அண்ணாச்சி, “ஆழத்தையே பாத்தவனுக்கு உயரம் ஒரு பொருட்டா?” என்றார். நானும் நம்பினேன். வேறு ஊர்க்காரர்கள் இப்படி நம்பியிருக்க மாட்டார்கள். நுரையீரலை வைத்தே பிழைத்த எங்களுக்குத்தான் அந்த மயக்கம்.

போகச் சம்மதிக்கும் முன்னால் நான் அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “கயிறு யாரு கையில?”

“அங்கனயும் கயிறுதான். முன்னால கைடு, நடுவுல நான், பின்னால மாப்ள. ஒரே கயிறு. போதுமா?”

போதும். நான் குசினிக்குள் போய் மாசிக் கருவாட்டை இடித்துப் பொடி செய்ய ஆரம்பித்தேன். இடுப்புப் பட்டை குளிரில் உறுத்தும் என்று அண்ணன் சொன்னதால், அவர் பட்டைக்கு உள்பக்கம் மெத்துத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கட்டிப் பார்த்துவிட்டு, “சங்குக்குப் போறப்ப இப்படி ஒண்ணு தைச்சுக் கொடுத்தியாளா?” என்று கேலி செய்தார். அவர் என்னிடம் நேருக்கு நேர் செய்த கடைசிக் கேலி அது. மற்றதெல்லாம் போனில், இரைச்சலில்.

ஊருக்கெல்லாம் பேர் தெரிந்த மலை இல்லை அது. அங்கே போகிறவர்களுக்குத்தான் அதன் பெயர் தெரியும். கடைசி கேம்பிலிருந்து விடியுமுன்னே புறப்பட்டு, உச்சிக்கு ஏறி, போட்டோ எடுத்து, இறங்க ஆரம்பித்திருக்கிறார்கள். இறங்கும் வழியில் அவர் விழுந்தார். கேம்ப் வரைக்கும் தூக்கியும் இழுத்தும் கொண்டு வந்தார்கள். கூடாரத்துக்குள் அவர் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் உலை கொதிக்கிற சத்தம் கேட்டதாம். அதோடு முடிந்தது.

மதுரை வரைக்கும் விமானத்தில் வந்து, அங்கிருந்து ஆம்புலன்சில் வந்தார். கூட வந்த அண்ணனின் மூக்கு நுனி கறுத்துக் கிடந்தது. வீட்டுக்குள் வந்ததும் என் காலடியில் விழுந்து, “விடல ஏளா, நான் விடல” என்று அழுதான். நான்தான் அவனைத் தூக்கி உட்கார வைத்தேன். நான்தான் அவனுக்குக் கஞ்சி கொடுத்தேன்.

எங்கள் தெருவில் வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அந்த உயரத்தில் காற்றே மெல்லிசாம். மூச்சை அடக்கத் தெரிந்து அங்கே ஒரு பிரயோசனமும் இல்லையாம். சில பேருக்கு நுரையீரலுக்குள் தானாக நீர் கட்டிவிடும். தலைக்குள்ளும் வீங்கும். பேச்சுக் குழறும், கால் பின்னும். எவ்வளவு பலசாலி என்று அது பார்க்காது. முதல் மருந்து கீழே இறங்குவது. முடியவில்லை என்று தெரிந்த பிறகும் மேலே வைக்கிற ஒவ்வொரு அடியும் ஆளைக் கொல்லும். “பொறுத்துக்கிட்டுப் போறவங்கதாம்மா அங்க அதிகமா சாகுறாங்க” என்றார். கடலுக்குள்ளேயே கிடந்தவர், அத்தனை வருசத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாதவர், தண்ணீரே இல்லாத இடத்தில் நெஞ்சில் தண்ணீர் நிறைந்து இறந்திருக்கிறார். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த கைடு ஒருநாள் எனக்குப் போன் பண்ணினார். என்னிடம் துணி தைக்க வரும் ஒரு வடக்கத்திப் பெண் காதில் போனை வைத்துக்கொண்டு எனக்கு எடுத்துச் சொன்னாள். கைடு ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாராம்: “அவர் ஏன் உட்காரவில்லை? ஏறும் வழியிலேயே உட்கார்ந்திருக்கலாம். கையை ஆட்டியிருக்கலாம். கயிற்றில் ஒருத்தருக்கு முடியவில்லை என்றால் மொத்தக் கயிறும் திரும்பிவிடும், அதுதான் எங்கள் சட்டம். நான் முன்னால் பார்த்துக்கொண்டு ஏறினேன். நடுவில் இருந்தவரிடம் கேட்டபோதெல்லாம் நல்லா வாரார் என்றுதான் சொன்னார்.” அந்தப் பெண் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, “அந்த ஆளு அழுறாரு அக்கா” என்றாள்.

ஏன் உட்காரவில்லை? எனக்கும் தெரியவில்லை. வீராப்பு என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணனும் அப்படித்தான் சொன்னான். “முடியலன்னு ஒரு வார்த்தை அவன் வாயில இருந்து வரல. சிங்கம் மாதிரி வந்தான். உச்சியத் தொட்டுட்டுத்தான் விழுந்தான்.” கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

வருசம் திரும்பியது. அண்ணனோடு காலையில் நடக்கிற கூட்டாளிகள் எங்கள் தெரு முனையில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் கட்டினார்கள். மின்கம்பத்துக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவில், என் ஜன்னலுக்கு நேரே. உச்சியில் எடுத்த போட்டோ. அண்ணன் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் காலடியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். மேலே கொட்டை எழுத்தில், ‘கடலிலும் மலையிலும் கயிறு விடாத மச்சான்’. கீழே சின்ன எழுத்தில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. செத்தவரைவிடப் பிழைத்தவன் படம் பெரிசு என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி முணுமுணுத்தார். நான் அதைக்கூடப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் என்னிடம் ஒரு அக்கா வந்தாள். அவள் புருசனும் சங்கு குளித்தவர்தான். பல வருசத்துக்கு முன்னால் கடலிலேயே போனவர். மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஜாக்கெட் தைக்க வந்தவள், அளவு கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாக ஃபிளெக்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏளா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டியே?”

“கேளுங்கக்கா.”

“இழுத்தாரா?”

எனக்கு முதலில் புரியவில்லை.

“எங்க வீட்டுல அது நடந்தன்னைக்கு அழுறதுக்கு முன்னால எங்க ஆத்தா அதத்தான் கேட்டா. என் தம்பிய வாசல்லயே நிறுத்தி, ஏலே, அவரு இழுத்தாரா, நீ பதில் இழுத்தியான்னு கேட்டா. இழுத்தாரு, நானும் இழுத்தேன், தூக்கிட்டு வாரதுக்குள்ள போயிட்டாருன்னான். அதுக்கப்புறந்தான் உள்ள விட்டா. கேக்காம யாரும் விட மாட்டாகளே. உங்க வீட்டுல கேட்டாகளா?”

யாரும் கேட்கவில்லை. செத்தது மலையில், கடல் வழக்கம் அங்கே எதற்கு என்று எல்லோருமே விட்டுவிட்டோம். என் மாமியார் இருந்திருந்தால் கேட்டிருப்பாள். அந்த அக்கா போன பிறகு மிஷினை மிதிக்க முடியவில்லை. கைடு அழுதுகொண்டே கேட்ட கேள்வி என் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் ஏன் உட்காரவில்லை? கையைக் கூட ஏன் ஆட்டவில்லை?

இடுப்பில் கயிறு இருக்கிறவர். மறுமுனை மச்சான் கையில் இருக்கிறது. அவர் எதற்கு வாயைத் திறப்பார், எதற்குக் கையை ஆட்டுவார்?

அண்ணனுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்துட்டுப் போ என்றேன். வந்தான். வரும்போது மக்ரூன் பொட்டலம் வாங்கி வந்தான். டீ போட்டுக் கொடுத்தேன். ஜாக்கெட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கொக்கியைப் பார்த்தபடியே கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் இல்லை.

“அண்ணே, அவிய இழுத்தாவளா?”

டீ கிளாஸ் வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

“யாரு கேக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. நான்தான் கேக்கேன்.”

வேறு எதைக் கேட்டிருந்தாலும் அவன் சிங்கக் கதையை ஆரம்பித்திருப்பான். இந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்களுக்குப் பொய் வராது. கயிறு பிடித்த கை அப்படிப் பழகியிருக்கும்.

“இழுத்தான்.”

“எத்தனை?”

“ரெண்டு.”

“நீ?”

“பதில் இழுத்தேன்” என்றான் சட்டென்று. ஏதோ அவன் பக்கத்துக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்ட மாதிரி நிமிர்ந்தான். “பதில் இழுக்காம இருப்பேனா? ஒரு இழுப்பு இழுத்தேன். அவனுக்குக் கேட்டுச்சு.”

“இழுத்துட்டு?”

தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

“இழுத்துட்டு என்ன செஞ்ச அண்ணே?”

“நடந்தேன்.”

“எங்கன?”

“மேலதான்.”

ஊசி என் விரலில் ஏறியது. எடுக்கத் தோன்றவில்லை.

“முன்னால போன ஆளுகிட்ட ஒரு சொல்லு சொல்லியிருந்தா…”

“சொன்னா திரும்பிருவான் ஏளா. அவன் சட்டம் அப்படி. ஒரு ஆளுக்கு முடியலன்னா மொத்தமும் இறங்கணும். உச்சி தெரியுது. அந்தா இருக்கு. நம்ம வீட்டுல இருந்து கோயில் தெரியுற தூரம். இன்னும் கொஞ்சம்தானன்னு நினைச்சேன். தொட்டுட்டு உடனே இறங்கிருவோம்னு நினைச்சேன். அவன் சாவான்னா நினைச்சேன்?”

“அவிய ரெண்டு இழுத்தா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதானே பதில் இழுத்த?”

அவன் கிளாசைத் தரையில் வைத்தான். கோபம் வந்துவிட்டது. அது எனக்கு வரவேண்டிய கோபம். அவனுக்கு முந்திக்கொண்டது.

“எத்தனை வருசம் ஏளா அவனுக்காக நான் வள்ளத்துல குத்த வச்சிருந்தேன்? வெயில்ல மண்டை காஞ்சு, அவன் விடுற குமிழியவே பாத்துக்கிட்டு? ஒருநாளாவது, மச்சான், நீ ஒருக்கா இறங்கிப் பாரு, நான் பிடிக்கேன்னு சொன்னானா? நான் ஒரே ஒரு நாள் அவனைப் பொறுத்துக்கச் சொன்னேன். ஒரே ஒரு நாள்!”

“சொல்லலையே அண்ணே. பொறுத்துக்கோன்னு நீ சொல்லல. பாத்துக்கிடுதேன்னு சொன்ன.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே ஃபிளெக்ஸ் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகப் பார்த்த படம்தான். காலடியில் உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரர் ரெண்டு கையையும் மடியில் சேர்த்து வைத்திருப்பார். செபம் சொல்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். வந்தவர்களிடமும் அப்படியே காட்டியிருக்கிறேன். இப்போது பார்த்தால் கைகளுக்கு நடுவில் கயிறு இருக்கிறது. உடம்பைத் தளரவிட்டு, பதறாமல், சும்மா இருக்கிறார். பதில் வந்தாயிற்று. மீதியை மச்சான் பார்த்துக்கொள்வான் என்று உட்கார்ந்திருக்கிறார்.

மூச்சுமுட்டிக்கொண்டு வந்தபோது பதில் மட்டும் வராமல் இருந்திருந்தால் அவர் பதறியிருப்பார். கத்தியிருப்பார். பனியில் உட்கார்ந்திருப்பார், படுத்திருப்பார், அந்த கைடு திரும்பிப் பார்த்திருப்பார். கயிறு அறுந்திருந்தாலும் பிழைத்திருப்பார். என் அண்ணன் பதில் இழுத்ததால்தான் நிம்மதியாகச் சாவை நோக்கி நடந்திருக்கிறார். அந்த நிம்மதியைக் கொடுத்த கையைத்தான் என் மாமியார் தடவிப் பார்த்து, பிடிப்பு இருக்கு என்றாள். அந்தக் கைக்குத்தான் நான் கஞ்சி ஊற்றினேன். அவர் இடுப்புப் பட்டைக்கு மெத்துத் துணி வைத்துத் தைத்ததும் அந்த ஒரு முனையை நம்பித்தான்.

“நீ எனக்குத் தாலியறுத்துட்டியே அண்ணே” என்றேன். கத்தவில்லை. சாதாரணமாக, ஜாக்கெட் அளவு சொல்கிற குரலில்தான் வந்தது. “வெளிய சொல்லு. வருசப் பூசையில எல்லாரும் இருப்பாக. அவிய இழுத்தாவன்னு சொல்லு. அந்த மட்டுக்காவது அவிய வீராப்புல செத்தாவன்னு ஊரு பேசாம இருக்கும். உன்னை நம்பிச் செத்தாவன்னு தெரியட்டும்.”

அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். கயிறு ஓடிய தழும்பு இன்னும் இருக்கிறது, குறுக்காக, வெளுத்து. சொல்லிவிடுவான் என்றே நினைத்தேன். சின்ன வயதில் தப்புச் செய்துவிட்டு என்னிடம் வந்து நிற்பானே, அந்த முகம் ஒரு நொடி வந்து போயிற்று. பிறகு சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“இப்ப அதச் சொல்லி என்ன ஆகப்போவுது? நாளைக்கு என் பிள்ளைக தெருவுல நடக்கணும். உனக்கும் பிறந்த வீடுன்னு ஒண்ணு வேணும். ஊரு நல்லதா ஒண்ணு நினைச்சு வச்சிருக்கு. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும். அதனால செத்தவனோட சேத்து என்னையும் குழிக்குள்ள தள்ளிராத ஏளா. நான் கயித்த விடல. கடைசி வரைக்கும் என் இடுப்புலயும் கையிலயும்தான் இருந்துச்சு. வேணும்னா அந்த கைடுக்கே போன் போட்டுக் கேளு.”

சொல்லிவிட்டு எழுந்தான். ஆறிப்போன டீயைக் குடித்து முடித்து, கிளாசைக் குசினியில் கொண்டுபோய் வைத்தான். வாசலில் செருப்பைப் போட்டான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியை எடுத்துத் தெரு முனை வரைக்கும் போனவன் ஃபிளெக்ஸுக்குக் கீழே நிறுத்தினான். கடல்காற்றில் அதன் ஒரு கீழ்முனை அவிழ்ந்து, என் வீட்டுக்காரர் முகத்தின் மேல் மடிந்து மடிந்து அடித்துக்கொண்டிருந்தது. அவிழ்த்துக் கீழே இறக்கப்போகிறான் என்று நான் எழுந்து நின்றேன். அவன் ஆடிக்கொண்டிருந்த கயிற்றை எட்டிப் பிடித்தான். மின்கம்பத்தில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டான். முடிச்சு நிற்கிறதா என்று வெடுக் வெடுக்கென்று ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறிப் போனான்.